இடுப்பு மூட்டும் கடைசற் பட்டறையும்

மனித உடம்பின் அற்புதங்களைப் பற்றிப் பேசுவோர் இருதயத்தை வியப்பர், கண்ணைப் போற்றுவர், மூளையை அளக்க முற்படுவர். இடுப்பு மூட்டை நினைப்பார் மிகச் சிலரே. குந்தி எழும்புவதற்கும், படி ஏறுவதற்கும், குனிந்து செருப்பை மாட்டுவதற்கும் அது வேண்டும். ஆயினும், அது நோகத் தொடங்கும் நாள்வரை அப்படியொரு மூட்டு இருப்பதே நமது நினைவுக்கு வருவதில்லை. தொடையென்பின் மேல் முனையிலுள்ள பந்து போன்ற தலை, இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் சுழல்கின்றது. இரண்டின் மேலும் வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கின்றது. முதுமையாலோ, வாதத்தாலோ, அடிபட்டதாலோ அப்போர்வை தேய்ந்தொழியுமாயின் என்போடு என்பு உரசும். அவ்வேதனை இரவிலும் உறங்கவிடாது. நமது பாட்டன் பாட்டிமார் காலத்தில் அதற்குத் தைலமும் ஊன்றுகோலுமே துணையாயிருந்தன. இன்றோ உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இடுப்பு மூட்டுகள் மாற்றப்படுகின்றன.

இந்த மாற்றம் எவ்வாறு வந்தது என்பதை ஆராய்ந்தபோது நம்மைக் கவர்ந்தது சத்திரவைத்தியர்களின் கைத்திறன் மட்டுமன்று. அவர்கள் தத்தம் தேவைக்குத் தாமே புனைந்துகொண்ட கருவிகளின் கதையே நம்மைப் பெரிதும் கவர்ந்தது. நாம் வைத்தியம் பயில்பவரல்லோம், வரலாறு பயில்பவர். ஆகவே இங்கே வைத்தியம் சொல்ல வரவில்லை. ஒரு கருவி எங்கே பிறக்கின்றது, அது பிழைக்கும்போது அப்பிழையின் விலையைக் கொடுப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளே நமக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன.

1826ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் ரீ பார்ட்டன் என்னும் சத்திரவைத்தியர், இடுப்பு மூட்டு இறுகிக் கால் வளைந்துபோன ஒரு கடலோடியின் தொடையென்பை மூட்டுக்குச் சற்றுக் கீழே அறுத்தார். அறுத்த இடம் பொருந்திவிடாதபடி அசைத்து அசைத்து, அங்கே ஒரு பொய் மூட்டை உண்டாக்குவதே அவர் எண்ணம். மயக்க மருந்து வைத்தியத்துக்கு வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. சிகிச்சை ஏழே நிமிடத்தில் முடிந்தது. அதற்காகவே ஒடுங்கிய, உறுதியான ஒரு வாளைப் பார்ட்டன் முன்கூட்டியே செய்வித்து வைத்திருந்தார். கடலோடி சில ஆண்டுகள் நன்றாக நடந்தார். பின்னர் அந்த இடமும் இறுகிவிட்டது. வெற்றி பாதி, தோல்வி பாதி என்று கொள்ளலாம். ஆயினும் சிந்தனை, வாள், சத்திரம் என்ற வரிசை அன்றே தொடங்கிவிட்டது. முதலில் ஒரு குறை கண்ணுக்குத் தெரிகின்றது, அதற்கு ஏற்ற ஆயுதம் கடையில் கிடைப்பதில்லை, வைத்தியர் கொல்லனிடமோ தச்சனிடமோ போகின்றார்.

பின்வந்தோர் இரண்டு என்புகளுக்கும் நடுவே எதையாவது இட்டுப் பார்த்தனர். பேர்லின் நகரத்துத் தெமிஸ்ரொக்கிளிஸ் குளுக் என்பவர் 1890ஆம் ஆண்டளவில் யானைத் தந்தத்தினால் மூட்டுகள் செய்து பொருத்தினார். கசநோயால் அரிக்கப்பட்ட மூட்டுகளிலேயே அவர் பெரும்பாலும் அவற்றை வைத்தபடியால், கிருமி தங்கி யாவும் பாழாயின. 1923இல் பொஸ்ரன் நகரத்துச் சிமித் பீற்றர்சன் ஒரு நோயாளியின் முதுகிலிருந்து நெடுநாள் கிடந்த கண்ணாடித் துண்டொன்றை எடுத்தார். அதனைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு மெல்லிய, பளபளப்பான சவ்வை வளர்த்திருந்தது. வேறொருவராயின் கண்ணாடியை வீசிவிட்டுக் காயத்தைத் தைத்திருப்பார். சிமித் பீற்றர்சனோ, தொடையென்புத் தலைக்குக் கண்ணாடித் தொப்பியொன்று கவிழ்த்தால் அதன் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் இத்தகைய வழுவழுப்பான போர்வை வளருமன்றோ என்று சிந்தித்தார். தொப்பி செய்வித்தார், கவிழ்த்தார். உடம்பின் பாரம் தாங்காது கண்ணாடி உடைந்தது. பின்பு செலுலோயிட்டு வகை, பைரெக்ஸ் கண்ணாடி, பேக்கலைற்று என ஒவ்வொன்றாக முயன்றார். ஈற்றில் அவருடைய பல்வைத்தியரே வழிகாட்டினார். பல் கட்டுவதற்குப் பயன்படும் கோபாற்றும் குரோமியமும் கலந்த வைற்றாலியம் என்னும் உலோகத்தை எடுத்துப் பாரும் என்றார் அவர். 1938 முதல் அந்த உலோகத் தொப்பி பலருக்கு நிவாரணம் தந்தது. பதினைந்து ஆண்டுகள் ஒரே எண்ணத்தை விடாது பற்றிக்கொண்டு பொருளை மட்டும் மாற்றிக்கொண்டிருந்த அவருடைய பொறுமை நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

இலண்டனில் பிலிப் வைல்ஸ் 1938இல் பந்தையும் கிண்ணத்தையும் உருக்கினாற் செய்து இரண்டையுமே மாற்றினார். யுத்தம் வந்தது, அவருடைய குறிப்பேடுகள் தொலைந்தன. நொரிச் நகரத்து மக்கீயும் 1950களில் உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளைச் செய்தார். பாரிசில் ஜூடே சகோதரர் இருவரும் 1946இல் அக்கிரிலிக்குப் பந்துகளைப் பொருத்தத் தொடங்கினர். தொடக்கத்தில் நோயாளர் மகிழ்ந்தனர். அப்பந்துகள் விரைவில் தேய்ந்தும் முறிந்தும் போயின.

அந்த ஜூடே மூட்டுகளுள் ஒன்றே நமது கதையின் நாயகனை விழிக்கச் செய்தது. அவர் ஜோன் சாண்லி. 1911இல் இங்கிலாந்தின் லங்காஷயர் மாகாணத்துப் பரி என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் மருந்து கலப்பவர், தாயார் தாதி. மன்செஸ்ரர் சர்வகலாசாலையிற் கற்று 1935இல் வைத்தியரானார். யுத்த காலத்தில் எகிப்தில் இராணுவ வைத்தியப் படையிற் பணியாற்றியபோது அங்கிருந்த பட்டறையோடு அவருக்கு நெருங்கிய உறவு ஏற்பட்டது. முறிந்த கால்களைத் தாங்கும் சட்டங்களை அங்கே அவரே வரைந்து செய்வித்தார். பிற்காலத்தில் வீட்டிலும் ஒரு கடைசற் பொறி வைத்திருந்தார். சங்கீதப் பிரியர் வீட்டில் வீணை இருப்பதுபோல் என்று சொல்லலாம்.

சாண்லியிடம் ஒரு மனிதர் வந்தார். ஜூடே மூட்டுப் பொருத்தியவர். அவர் மேசையில் முன்னே சாயும்போதெல்லாம் இடுப்பிலிருந்து கிறீச்சென்று ஓசை எழுந்தது. மனைவியார் அவரோடு ஒரே அறையில் இருக்க மாட்டாமல் தவித்தாராம். கேட்பவர் நகைத்துவிட்டுப் போகும் செய்தி. சாண்லி நகைக்கவில்லை. எண்ணெயிடாத கதவு ஏன் கிறீச்சிடுகின்றது? உராய்வினால். அவ்வளவு உராய்வு உள்ள பந்து சுழலும்போது தனது தண்டையும் சேர்த்து முறுக்கும். முறுக்க முறுக்க அது என்பினின்றும் தளரும். ஆகவே பிழை வைத்தியருடைய கையில் இல்லை, பொருளின் மேற்பரப்பில் உள்ளது என்று அவர் முடிவு கட்டினார். இயற்கை மூட்டின் உராய்வை அளந்து பார்த்தார். அது பனிக்கட்டியின் மேல் சறுக்கணி வழுக்கும் உராய்விலும் குறைவாயிருந்தது. அவ்வளவு வழுக்கும் பொருள் எது? அக்காலத்தில் மனிதர் அறிந்த பொருள்களுள் மிக வழுக்குவது ரெப்லோன். நமது அடுப்படியில் ஒட்டாத தாச்சிக்குப் பூசப்படுகின்றதே, அதுதான்.

இதன் பின் சாண்லி செய்தவை யாவும் கருவியாளரின் நோக்கிலேயே அமைந்தன. பெரிய பந்து பெரிய கிண்ணத்திற் சுழன்றால் உராய்வு கிண்ணத்தின் விளிம்பை நெம்பும், பந்து சிறிதானால் அந்நெம்பு குறையும் என்று கணக்கிட்டார். ஏறக்குறைய 41 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்திலிருந்து படிப்படியாக இறங்கி, 22.225 மில்லிமீற்றரில், அஃதாவது ஓர் அங்குலத்தின் எட்டில் ஏழு பங்கில் வந்து நின்றார். இயற்கைப் பந்தின் பாதியளவே உள்ள அந்தச் சிறு பந்தைப் பார்த்து மற்றை வைத்தியர்கள் ஐயுற்றனர். பந்தின் தண்டை என்பினுள் நிறுத்துவதற்கு மன்செஸ்ரர் பல்வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த டெனிஸ் சிமித் என்பாரின் ஆலோசனையோடு அக்கிரிலிக்குச் சீமெந்தை எடுத்துக்கொண்டார். மீண்டும் பல்வைத்தியம்! இடுப்பின் கதையில் பல் இத்துணைமுறை குறுக்கிடுவது விந்தையே. அச்சீமெந்து பசையைப்போல ஒட்டுவதன்று. என்பினுள் உள்ள ஒவ்வோர் இடுக்கையும் நிரப்பிப் பாரத்தைப் பரவச்செய்வது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டு சொன்னவர் சாண்லி.

மன்செஸ்ரரில் இருந்த மதிப்பான பதவியை விட்டு, அவர் விகன் நகருக்கு அண்மையிலுள்ள ரைற்றிங்ரன் ஆஸ்பத்திரியிற் குடியேறினார். அது ஒரு கசநோய் ஆஸ்பத்திரி. புது மருந்துகளாற் கசநோய் குறைய, கட்டில்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அங்கே சாண்லி தமக்கென ஒரு பட்டறை அமைத்தார். ஹரி கிரேவன் என்னும் இளைஞர் அதன் தொழில்நுட்பக்காரர். காலையிற் சத்திர அறையில் ஓர் ஆயுதம் சரியாகப் பிடிக்கவில்லையென்றால், சாண்லி அதனைக் கடுதாசியில் வரைந்து திருத்துவார். கிரேவன் கடைந்து கொடுப்பார். இவ்வாறு அடுத்தடுத்துச் செய்து பார்த்த ஆயுதங்களை லீட்ஸ் நகரத்துத் தக்கறே நிறுவனம் பின்பு உருக்கில் வார்த்தது.

இவ்வாயுதங்களுட் சிலவற்றை இங்கே விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். ஏனெனில் பந்தையும் கிண்ணத்தையும் பற்றி எழுதுவோர் இவற்றை ஒரு வரியில் தள்ளிவிடுகின்றனர். கிண்ணம் எவ்வளவு சிறந்ததாயினும், அது சரியான இடத்தில், சரியான ஆழத்தில், சரியான சாய்வில் இருக்க வேண்டும். பழக்கமிக்க ஒருவர் கண்மதிப்பாற் செய்துவிடலாம். நூறு ஆஸ்பத்திரிகளில் நூறு பேர் செய்ய வேண்டுமாயின் கண்மதிப்பு போதாது. ஆகவே சாண்லி முதலில் குழியின் நடுவே ஒரு வழித்துளை இடும் துளையியை அமைத்தார். அடுத்து வரும் ஆழப்படுத்தும் குடைவியின் நடுக்கம்பு அத்துளையினுள் அமர்ந்துகொள்ளும். அதனாற் குடைவி வழிதவறாது. மூன்றாவதாக, விரிந்துகொடுக்கும் குடைவி குழியை வேண்டிய அகலத்துக்குக் கடையும். கிண்ணத்தைப் பிடித்துச் சாய்வு பிழையாமல் அழுத்துவதற்கு ஒரு தனிப்பிடி. தசையை விலக்கிப் பிடிப்பதற்குச் சங்கிலியிற் பாரம் தொங்கும் ஒரு விலக்கி. இதனால் உதவியாளர் ஒருவரின் இரு கைகள் விடுதலை பெற்றன. தொடையென்பின் மேற்புடைப்பை அறுத்து விலக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட கம்பிவாளோ, இத்தாலியப் பிரசவ வைத்தியரான ஜீலி என்பவர் 1894இல் வேறொரு தேவைக்காக வெளியிட்டது. பிள்ளைப்பேற்றுக்கு என வந்த வாள் கிழவர்களின் இடுப்புக்குப் பயன்பட்டது! அறுத்த புடைப்பை மீண்டும் கட்டுவதற்கான கம்பியை இறுக்க இன்னொரு கருவி வேண்டியிருந்தது. அதையும் செய்தார்.

இன்னுமொன்று, பார்வைக்கு மிக அற்பமானது. முன்னாளில் ஆயுதங்கள் யாவும் ஒரே பெருமேசையிற் பரப்பப்பட்டிருக்கும். தாதி தேடி எடுத்துக் கொடுப்பார். திறந்து கிடக்கும் நேரமெல்லாம் தூசி படியும். சாண்லி சிகிச்சையைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வேண்டிய ஆயுதங்களை மட்டும் ஒழுங்காக அடுக்கிய தட்டுகளை அமைத்தார. கட்டம் வரும்போது அதன் தட்டுத் திறக்கப்படும். மேசை சுருங்கியது, நேரம் சுருங்கியது, குழப்பம் சுருங்கியது. ஒரு தட்டை எவரும் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதமாட்டார். ஆயின் இத்தட்டுகளைப் பார்க்கும் புதிய தாதியொருவர் சிகிச்சையின் முழு வரிசையையும் கற்றுக்கொண்டுவிடலாம். நல்ல கருவி தன்னைப் பயன்படுத்துபவருக்கு ஆசிரியராகவும் இருக்கின்றது என்று நாம் எண்ணுகின்றோம்.

இனி இக்கதையின் துன்பமான பகுதிக்கு வருவோம். 1961இல் சாண்லி தமது புதிய சிகிச்சையைப் பற்றி லான்செற் என்னும் வைத்திய இதழில் எழுதினார். நோயாளர் வேதனை நீங்கி நடந்தனர். ஏறத்தாழ 300 பேருக்கு ரெப்லோன் கிண்ணங்கள் பொருத்தப்பட்டன. இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லவே அக்கிண்ணங்கள் தேயத் தொடங்கின. உருக்குப் பந்து கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறியது. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையில் வீக்கத்தையும் பாற்கட்டி போன்ற படிவையும் உண்டாக்கின, என்பையும் அரித்தன. மிக வழுக்கும் பொருள் மிக விரைவில் தேயும் பொருளாயிருந்தது. வழுக்குதல் வேறு, தேயாமை வேறு என்பதை அந்த முந்நூறு பேரின் உடம்பே அவருக்குக் கற்பித்தது.

அவர்களுக்கு மீண்டும் சத்திரம் வைக்க வேண்டியதாயிற்று. முதியவர்கள், ஏற்கெனவே ஒரு பெரிய சிகிச்சையைத் தாங்கியவர்கள். வரலாற்று நூல்களில் அவர்கள் ஓர் எண்ணாகவே நிற்கின்றனர். ஆராய்ச்சியாளரின் பெயரைப் பாடமாக்கும் நமது மாணவ உலகம் இவர்களையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். அவர்கள் நம்பிக்கையோடு மேசையிற் படுத்தார்கள். அந்நம்பிக்கை உடனே பலிக்கவில்லை.

சாண்லியைக் குற்றம் சாட்டுவது எளிது. ஆய்வுச்சாலையில் நீண்டகாலம் தேய்த்துப் பார்க்காமல் மனிதரிடம் வைத்தாரே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் அதனை மறைக்கவில்லை, நோயாளரைக் கைவிடவுமில்லை. ரெப்லோன் துணுக்குகளைத் தமது தொடையின் தோலுக்குக் கீழேயே புதைத்துக்கொண்டு, உடம்பு அதனை எவ்வாறு ஏற்கின்றது என்று மாதக்கணக்காகத் தடவிப் பார்த்தார். அங்கே கட்டிகள் எழுந்தன. 1963இல் அதனை வெளிப்படையாக அதே லான்செற் இதழில் அறிவித்தார். தமது வெற்றியை எந்த ஏட்டில் எழுதினாரோ அந்த ஏட்டிலேயே தமது தோல்வியையும் எழுதியது சிறு செயலன்று.

மாற்றுப் பொருள் ரைற்றிங்ரனுக்கு வந்த வகையே வேடிக்கையானது. லங்காஷயர் நெசவாலைகள் நிறைந்த நாடு. தறிகளுக்குப் பிளாஸ்டிக்குப் பற்சக்கரம் விற்கும் ஒரு விற்பனையாளர் 1962ஆம் ஆண்டு மே மாதமளவில் ஆஸ்பத்திரிக்கு வந்து, மிகப் பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட ஒருவகைப் பொலித்தீன் துண்டைக் காட்டினார். அது ஜேர்மனியில் ஆக்கப்பட்டது. கிரேவன் அதனை வாங்கிச் சாண்லியிடம் கொண்டுபோனார். சாண்லி பெருவிரல் நகத்தை அதில் அழுத்தினார். நகம் பதிந்தது. இது வீண்வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னர் ஒரு மகாநாட்டுக்காகக் கொப்பன்ஹேகனுக்குப் பயணமானார்.

கிரேவன் அந்தத் துண்டை வீசவில்லை. பட்டறையிலிருந்த தேய்வுச் சோதனைப் பொறியில் அதனைப் பூட்டி ஓடவிட்டார். இரவும் பகலுமாக மூன்று வாரம் ஓடிய பின்பும், ரெப்லோன் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. சாண்லி திரும்பி வந்ததும் கிரேவன் அளவைக் காட்டினார். நகத்தின் தீர்ப்பைப் பொறியின் தீர்ப்பு மாற்றியது. 1962 நவம்பரில் முதற் பொலித்தீன் கிண்ணம் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றும் உலகில் மாற்றப்படும் இடுப்பு மூட்டுகளுட் பெரும்பாலானவற்றில் கிண்ணத்தின் உட்பரப்பு அதே இனத்துப் பொலித்தீனே. பிற்காலத்திற் கதிர்களைப் பாய்ச்சி அதனை மேலும் உறுதியாக்கினர் என்பது மட்டும் வேறுபாடு.

கிரேவன் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவரல்லர். எசமானர் வேண்டாமென்ற பொருளை எசமானர் இல்லாத வேளையிற் சோதித்தவர் அவர். நம் நாட்டிற் படித்த இளைஞர் பட்டறையில் எண்ணெய் படிந்த கையோடு நிற்பதை இன்றும் ஒரு தாழ்வாகக் கருதுவதைக் காண்கின்றோம். நாமும் அக்கூட்டத்தினரே ஆகையால் இதனைச் சொல்ல நமக்கு உரிமையுண்டு.

சாண்லியை வாட்டிய இன்னொரு பகை கிருமி. தொடக்க ஆண்டுகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஆழத்திற் சீழ் பிடித்தது. புது மூட்டில் சீழ் பிடித்தால் மூட்டை எடுத்தெறிவதன்றி வழியில்லை. காற்றிலே மிதக்கும் கிருமிகளே காரணமென்று அவர் எண்ணினார். காற்றுச் சீரமைப்பு இயந்திரங்கள் செய்யும் ஹோவேத் என்பவரோடு கூடிச் சத்திர அறைக்குள்ளே ஒரு சிறு கூடத்தைக் கட்டினார். பூஞ்செடி வளர்க்கும் கண்ணாடி வீடு போன்றது அது. வடிகட்டிய காற்று மேலிருந்து கீழாக இடையறாது வீசும். பின்னர், மூச்சையும் உடம்பிலிருந்து உதிரும் தூசியையும் குழாயால் வெளியே இழுத்துக்கொள்ளும் முழு அங்கியையும் தலைக்கவசத்தையும் அமைத்தார். பார்த்தவர்கள் சந்திரனுக்குப் போகும் உடை என்று பரிகசித்தனராம். சில ஆண்டுகளிற் சீழ்ப்பிடிப்பு நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தது. அது காற்றினாலா, தையல் முறை திருந்தியதாலா என்று வாதிட்டவர் உண்டு. பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிச் சபை 8,000க்கு மேற்பட்ட சிகிச்சைகளை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட முடிபு, தூய காற்று சீழ்ப்பிடிப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கின்றது என்று காட்டியது. முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கும் கிருமிகொல்லி மருந்தின் பங்கும் பெரிது என்று அதே ஆராய்ச்சி தெரிவித்தது. சாண்லி சொன்னது முழுவதும் சரியென்று அது சொல்லவில்லை, பெரும்பகுதி சரியென்றது.

பொலித்தீன் வெற்றி பெற்றதும் உலகெங்குமிருந்து வைத்தியர்கள் அம்மூட்டை வாங்க விரைந்தனர். சாண்லி இணங்கவில்லை. ரைற்றிங்ரனுக்கு வந்து, நேரிற் பார்த்து, முறையைக் கற்றவர்க்கன்றி மூட்டையோ ஆயுதத்தையோ விற்கலாகாது என்று தக்கறே நிறுவனத்தைக் கட்டுப்படுத்தினார். 1960களின் இறுதிவரை இக்கட்டுப்பாடு நீடித்தது. இது செருக்கு என்றனர் சிலர். வேதனைப்படும் நோயாளர் காத்திருக்க, நல்ல கருவியைப் பூட்டி வைப்பது அறமா என்றும் கேட்டனர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயினும் ரெப்லோன் காலத்தில் அவருடைய மூட்டு எங்கும் தடையின்றி விற்கப்பட்டிருந்தால், முந்நூறு பேரின் துன்பம் முப்பதினாயிரம் பேரின் துன்பமாகியிருக்கும். அவர் அஞ்சியதை நாம் விளங்கிக்கொள்கின்றோம். இவ்விடயத்தில் அவர் பக்கமே நிற்கின்றோம்.

இங்கிலாந்தை விட்டு ஆசியாவுக்கு வருவோம். உருக்கு மூட்டை வாங்கப் பணமில்லாத நாடுகளில் வைத்தியர்கள் என்ன செய்தனர்? பர்மாவின் மண்டலே ஆஸ்பத்திரியிற் சான் போ என்னும் சத்திரவைத்தியர் 1960இல், தொடையென்பின் கழுத்து முறிந்த 83 வயதுப் பௌத்த துறவிப் பெண் ஒருவருக்கு யானைத் தந்தத்தாற் செய்த பந்தைப் பொருத்தினார். எழுபது ஆண்டுகளுக்கு முன் பேர்லினில் தோற்றுப்போன அதே தந்தம்! பர்மாவில் யானைகள் மிகுதி, தந்தம் செதுக்கும் கைவினைஞரும் உண்டு, இறக்குமதி உலோகமோ விலை மிகுதி. குளுக் கசநோய் பிடித்த மூட்டில் வைத்தார். சான் போ கிருமியற்ற முறிவுகளில் வைத்தார். அவர் பின்வந்த இருபது ஆண்டுகளில் 300க்கு மேற்பட்டோருக்கு இதனைச் செய்தார். நோயாளர் பலர் நடந்ததோடு குந்தியிருக்கவும் வல்லராயினர். 1969இல் இலண்டனிற் பிரித்தானிய வைத்தியர் சபையொன்றின் முன் தமது அனுபவத்தைச் சொன்னார். தந்த வாணிபம் தடைசெய்யப்பட்ட இக்காலத்தில் அம்முறை திரும்பாது, திரும்பவும் கூடாது. ஆயின் கைக்கெட்டிய பொருளை ஆராய்ந்து பயன்கொண்ட அறிவு பாராட்டத்தக்கது.

சாண்லிக்குப் பின் கதை விரைந்தோடுகின்றது. தென்மேற்கு இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் றொபின் லிங் என்னும் வைத்தியரும் கிளைவ் லீ என்னும் பொறியியலாளரும் 1970இல் மெருகிட்ட தண்டொன்றை அமைத்தனர். 1976இல் அதன் மேற்பரப்பு மெருகற்றதாக மாற்றப்பட்டது. சொரசொரப்பானது சீமெந்தை நன்கு பற்றும் என்பது எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணமன்றோ? தண்டுகள் தளர்ந்தன. பழைய மெருகிட்ட தண்டுகளோ நன்றாகவே இருந்தன. 1986இல் மீண்டும் மெருகிட்டனர். 1992இல் அமெரிக்காவின் சக்கிரமென்ரோ நகரிற் பார்கர் என்னும் சத்திரவைத்தியரும் ஹவாட் போல் என்னும் மிருகவைத்தியரும் உருவாக்கிய பொறிமனிதக் கை, தொடையென்பின் உட்குழியைக் கணினியின் அளவுப்படி கடைந்தது. முதலில் அதனால் நன்மை பெற்றவை நாய்கள். சாண்லியின் வழித்துளை செய்த வேலையையே அது நுட்பமாகச் செய்தது என்று நாம் பார்க்கின்றோம்.

பெரிய பந்துள்ள உலோக மூட்டுகள் 2000க்குப் பின் மீண்டும் நாகரிகமாயின. டிபுய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்னும் மூட்டு உலகெங்கும் ஏறக்குறைய 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின்னர், 2010 ஆகஸ்டிற் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உலோகத் துகள்கள் சுற்றியுள்ள தசையை அழித்தன. அக்குறையை வெளிக்கொணர உதவியவை நாடு தழுவிய பதிவேடுகள். எந்த மூட்டு, எந்த நாள், யாருக்கு, எப்போது மாற்றப்பட்டது என்று சுவீடன் 1979இலேயே எழுதத் தொடங்கியது. இங்கிலாந்தும் வேல்சும் 2003இல் தொடங்கின. பதிவேடும் ஒரு கருவிதான். கத்தியும் துளையியும் அதன் முன் விடைசொல்ல வேண்டியிருக்கின்றது.

சாண்லி 1975இல் றோயல் சங்கத்து அங்கத்தவரானார். 1977இற் சேர் பட்டம் பெற்றார். 1982 ஆகஸ்டிற் காலமானார். அவர் தம் நோயாளரிடம் வேண்டிக்கொண்ட ஒன்று உண்டு. தாங்கள் இறந்தபின், பொருத்திய மூட்டை எடுத்து ஆராய அனுமதிக்க வேண்டுமென்பதே அது. மறுத்தவர் சிலர், இசைந்தவர் பலர். பல ஆண்டுகள் நடந்து தேய்ந்த கிண்ணங்கள் ஒவ்வொன்றாக ரைற்றிங்ரனுக்குத் திரும்பி வந்தன. பட்டறையில் அவற்றின் தேய்வு அளக்கப்பட்டது.